முப்பத்திரண்டும் மேலே ஒன்றும்

தி.நகர் ஆவுடையம்மாள் சில்க்ஸ் குடும்பத்தில் கத்தரிக்காய் வாங்குவதற்குத் தீர்மானம் தேவையில்லை. அது ஒன்றுக்குத்தான் தேவையில்லை. மிக்ஸி, மெத்தை, மாப்பிள்ளை என்று மற்ற எதுவானாலும் புதன்கிழமைச் சபைக்கு வந்து, பேசப்பட்டு, ஏகமனதாக நிறைவேறிய பிறகுதான் அந்த வீட்டு வாசலைத் தாண்ட முடியும்.

இந்த ஏற்பாடு ஒரு ஃபிரிஜ்ஜால் வந்தது. அண்ணன் கருணாகரன் கீழ்த்தளத்திலும் தம்பி வெங்கடேஷ் முதல் மாடியிலும் ஒரே கட்டடத்தில் ஒற்றுமையாக இருந்து வந்தார்கள். ஒருநாள் தம்பி வீட்டுக்கு இரட்டைக் கதவு ஃபிரிஜ் வந்து இறங்கியது. அண்ணன் வீட்டில் இருந்தது ஒற்றைக் கதவு. அண்ணன் மனைவி புஷ்பம் அந்தத் தீபாவளிக்கு மாடிப்படி ஏறவில்லை. பொங்கலுக்கும் ஏறவில்லை. கடைசியில் நந்தனத்தில் அலுவலகம் வைத்திருக்கும் ரகுபதி என்ற ஆலோசகரைக் கூப்பிட்டார்கள். குடும்பங்கள் உடையாமல் பார்த்துக்கொள்வதே அவருக்குத் தொழில். அவர் எல்லோரையும் மகாபலிபுரத்துக்கு அழைத்துப் போய், ஒரு குளிர்சாதன அறையில் உட்கார வைத்து, குடும்பச் சட்டம் ஒன்றை எழுதிக் கொடுத்தார். அதற்கு அரக்குப் பட்டில் அட்டை போட்டார்கள். கரை மட்டும் அசல் ஜரிகை.

அந்தச் சட்டத்தின்படி மூத்த வீட்டில் இல்லாதது இளைய வீட்டில் இருக்கக் கூடாது. இளைய வீட்டில் இருப்பது மூத்த வீட்டில் கூடுதலாக இருக்க வேண்டும். கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு எதிலும் சீர் உண்டு. ஃபிரிஜ் இரண்டுமே இப்போது மூன்று கதவு.

வெங்கடேஷின் மகன் ராகேஷ் கடையின் மூன்றாவது மாடியில் கல்யாணப் பட்டுப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தான். கடைப் பிள்ளைகளுக்குச் சம்பளம் கிடையாது. தேவையானதைக் கேட்டால் கடை வாங்கித் தரும். கேட்க வேண்டும், அவ்வளவுதான். ராகேஷ் இருபத்தெட்டு வயது வரைக்கும் அதிகமாக எதுவும் கேட்டதில்லை. அதனால் அவனை நல்ல பிள்ளை என்று எல்லோரும் சொன்னார்கள்.

அந்த நல்ல பிள்ளைக்குக் கல்லூரி நாளிலிருந்தே டெல்பின் மேல் உயிர். டெல்பின் சாந்தோம்காரி. அவள் அம்மா மர்சலின் பள்ளி ஆசிரியை. பங்குத் தேவாலயத்தில் பாடகர் குழுவுக்கும் அவர்தான் பொறுப்பு. டெல்பின் அடையாறில் கணினி விளையாட்டு செய்யும் சின்ன நிறுவனம் ஒன்றில் படம் வரைகிறாள். ஞாயிறு அவளுக்கு விடுமுறை; ராகேஷுக்கு அன்றுதான் கடையில் தலை நிமிர நேரம் இருக்காது. சந்திக்கக் கிடைக்கும் நேரத்தில் பாதி பஸ் ஸ்டாப்பிலேயே தீர்ந்துவிடும். அதனால் அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். காலை ஆறரை மணிக்கு, அவள் பூசைக்குப் போய்த் திரும்பியதும், இரண்டு பேரும் அவரவர் வீட்டிலிருந்து ஒரே விளையாட்டுக்குள் போவார்கள். கடல் நடுவே ஒரு மரப்படகு, ஆளுக்கு ஒரு துடுப்பு. தூரத்தில் கலங்கரை விளக்கு உள்ள ஒரு தீவு. ஒருவர் மட்டும் துடுப்புப் போட்டால் படகு நின்ற இடத்திலேயே வட்டம் சுற்றும். இரண்டு பேரும் சேர்ந்து போட்டால்தான் போகும்.

ராகேஷிடம் இருந்தது கடையில் பில் போட்டு ஓய்வு பெற்ற கம்ப்யூட்டர். அமைதியான கடல் வரைக்கும் அது சமாளிக்கும். அலை வந்தால் அப்படியே நின்றுவிடும். அது விழித்துக்கொள்வதற்குள் டெல்பின் தனியாகத் துடுப்புப் போட்டு வட்டம் சுற்றிக்கொண்டிருப்பாள். மெமரி போதவில்லை என்று அவள்தான் சொன்னாள். கடைக்காரனுக்குப் புரிகிற மாதிரியும் சொன்னாள். சேலை விரித்துக் காட்டும் மெத்தைதான் மெமரி. மெத்தை சிறிசாக இருந்தால் ஒன்றைச் சுருட்டி வைத்துவிட்டுத்தான் அடுத்ததை விரிக்க முடியும்.

அந்த வருஷம் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று, மயிலாப்பூர்த் தையற்காரரிடம் ரவிக்கைகள் வாங்க வந்த சாக்கில் ராகேஷ் அவளைப் பார்த்தான். அவள் நெற்றியில் காலைப் பூசையில் இட்ட சாம்பல் சிலுவை வியர்வையில் கொஞ்சம் கலைந்திருந்தது. மாண்ட்ரியலில் ஒரு நிறுவனம் அவளை வேலைக்கு அழைத்திருப்பதாகவும், ஈஸ்டருக்கு மறுநாள் பதில் சொல்ல வேண்டும் என்றும் சொன்னாள். அவன் இங்கே தன் வீட்டில் பேசிவிட்டால் போகமாட்டாள். அதையும் சொன்னாள். அவன் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

“என் பேரைச் சொல்ற அன்னிக்கு நீ மயக்கம் போட்டு விழுந்துருவடா. அதனால மொதல்ல சின்னதா ஒண்ணு பழகிக்கோ. நல்லதா ஒரு கேமிங் கம்ப்யூட்டர் கேளு. எவ்ளோ மெமரின்னு நீயே முடிவு பண்ணு. பதினாறு ஜிபியோ முப்பத்திரண்டோ, உன் இஷ்டம். அவங்க முன்னாடி நின்னு ‘எனக்கு இது வேணும்’னு ஒரே ஒரு தடவ சொல்லு. அதுக்கப்புறம் நான் வர்றது ஈஸி.”

முப்பத்திரண்டு என்று அவன் அங்கேயே முடிவு செய்தான். பஸ்ஸில் திரும்பும் வழியெல்லாம் முப்பத்திரண்டு, முப்பத்திரண்டு என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தான்.

அன்று மாலை சபை கூடியது. இரண்டாம் மாடிக் கூடத்தில் ஆண்களுக்கு நாற்காலி, பெண்களுக்குச் சுவரோரம் சோபா. விருதுநகரில் வாழ்க்கைப்பட்ட ஜெயஸ்ரீ அத்தைக்கும் ஒரு நாற்காலி உண்டு. அதில் ஒரு எவர்சில்வர் தட்டு வைத்து, தட்டில் ஸ்பீக்கரைப் போட்ட செல்போனை வைத்திருப்பார்கள். நடு நாற்காலியில் கருணாகரன் பெரியப்பா, நெற்றி நிறைய விபூதியோடு. மத்தியானம் ஒரு நெற்றி, இப்போது ஒரு நெற்றி, இரண்டிலும் சாம்பல்தானே என்று ராகேஷுக்குத் தோன்றியது. அதில் கொஞ்சம் தைரியம்கூட வந்தது.

கம்ப்யூட்டர் வேண்டும் என்று சொன்னான். எதற்கு என்று கேட்டார்கள். விளையாட என்றான்.

ஜெயஸ்ரீ அத்தையின் தட்டுகூடச் சத்தமில்லாமல் இருந்தது. ரகுபதி தொண்டையைச் செருமிக்கொண்டு, விளையாட்டு என்ற சொல் குடும்பத்தின் வளர்ச்சிப் பாதையில் இல்லை என்றும், ‘எதிர்காலப் பட்டு வடிவமைப்புக்கான முன்னோட்ட முயற்சி’ என்று வைத்துக்கொண்டால் யாருக்கும் மனக்கஷ்டம் இருக்காது என்றும் சொன்னார். எல்லோரும் மூச்சு விட்டார்கள்.

பெரியப்பா ஆரம்பித்தார். “இந்தச் சபையில யாரும் எதையும் பேசலாம். பேசுறதுக்குத்தான் சபை. எல்லாரும் பேசி முடிச்ச பொறவு நான் முடிவு சொல்லுவேன். இதுக்குப் பேருதான் ஜனநாயகம். சரிதான ரகுபதி சார்?”

“நூற்றுக்கு நூறு சார். எத்தனையோ குடும்பங்களைப் பார்த்துவிட்டேன். பேசும் உரிமையை எல்லோருக்கும் பகிர்ந்து கொடுத்துவிட்டு, முடிவை மட்டும் ஒருவரே பொறுப்பாக வைத்துக்கொள்வதை இங்கேதான் பார்க்கிறேன்.”

பெரியப்பா அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார். ரகுபதியும் பாராட்டாகத்தான் சொன்னார். பிறகு பெரியப்பா ராகேஷ் பக்கம் திரும்பி, கனிவாகக் கேட்டார்.

“மெமரின்னு ஒண்ணு போடணுமாமே. எவ்வளவு வேணும்? நீயே சொல்லுல.”

இப்படிக் கேட்பார் என்று ராகேஷ் எதிர்பார்க்கவே இல்லை. மறுப்பார், அதட்டுவார், அப்போது சொல்லிவிடலாம் என்றுதான் தயாராகி வந்திருந்தான். கதவு திறந்தே இருந்தது. அவன் வாயைத் திறந்தான். அப்பா வெங்கடேஷ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். புஷ்பம் பெரியம்மா விரலில் மோதிரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார். முப்பத்திரண்டு நாக்கு நுனி வரைக்கும் வந்து நின்றது.

“பெரியப்பா பாத்துச் சொன்னாச் சரி” என்றான்.

கூடத்தில் ஒரு நிறைவு பரவியது. இதுதான் வளர்ப்பு என்றார் பெரியப்பா. சோபாவில் அம்மாவின் முகம் பெருமையில் பூத்தது.

மறுநாள் காலை படகில் டெல்பின் கேட்டாள், எவ்வளவு சொன்னாய் என்று. பேச்சு நடக்கிறது என்றான். அந்த நேரம் பார்த்து ஒரு அலை வந்தது. திரை நின்றுபோனது. வாழ்க்கையில் முதன்முறையாக அந்தப் பழைய கம்ப்யூட்டருக்கு அவன் நன்றி சொன்னான்.

அடுத்த புதன் சமநீதிக்குப் போனது. மூத்த வீட்டின் கல்யாணமான பிள்ளை ஜவஹரின் கம்ப்யூட்டரில் பதினாறு இருந்தது. அவன் அதில் கிரிக்கெட் மட்டும் பார்ப்பான். இளையவனுக்கு முப்பத்திரண்டு போட்டால் மூத்தவனுக்கு அறுபத்து நான்கு போட வேண்டும் என்று சட்டம் தெளிவாக இருந்தது. தனக்குப் பதினாறே போதும், அதிலேயே ஸ்கோர் நன்றாகத் தெரிகிறது என்றான் ஜவஹர். அவன் சொன்னதைச் சபை பொறுமையாகக் கேட்டுக்கொண்டு அறுபத்து நான்கை நிறைவேற்றியது. அப்போது தட்டிலிருந்து ஜெயஸ்ரீ அத்தையின் குரல் வந்தது. பிறந்த வீட்டில் ஆளாளுக்கு மெமரி போடுகிறார்கள், கட்டிக்கொடுத்து அனுப்பிவிட்டால் ஒன்றும் இல்லையா என்றார். அத்தை வீட்டில் கம்ப்யூட்டரே கிடையாது. அது வேறு விஷயம், சீர் வேறு விஷயம் என்று ரகுபதி விளக்கினார். எட்டு ஜிபி ஒன்று, மஞ்சள், குங்குமம், ரவிக்கைத் துணியோடு விருதுநகருக்குப் போனது. அத்தை அதைச் சாமி அலமாரியில் வைத்து, வெள்ளிக்கிழமைகளில் பூ வைப்பதாகத் தகவல் வந்தது.

அதற்கடுத்த வாரம் கள ஆய்வு. கே.கே. நகரில் கம்ப்யூட்டர் சேர்த்துக் கொடுக்கும் ஷரஃபுதீன் கடைக்கு இரண்டு காரில் போனார்கள். ஷரஃபுதீன் யாரையும் மறுத்துப் பேசத் தெரியாத வியாபாரி. வந்தவர்களுக்கு லெமன் ஜூஸ் சொல்லிவிட்டு, மெமரி ஒன்றை அட்டையிலிருந்து எடுத்துப் பெரியப்பா கையில் கொடுத்தார். பெரியப்பா அதைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து, முந்தானை பார்ப்பதுபோல் நீவிப் பார்த்தார். வெளிச்சத்தில் சாய்த்தார். உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார்.

“எடையே இல்லியே. சாயம் போகுமா?”

“போவாது அண்ணாச்சி. கேரண்டி கீது.”

“அசல்தானான்னு ஒரு ஓரத்துல நூல் பிரிச்சுக் கொளுத்திப் பாக்கலாமா?”

ஷரஃபுதீன் ஒரு நிமிஷம் யோசித்தார். “பாக்கலாம் அண்ணாச்சி. மொதல்ல பில்லப் போட்டுக்கினு கொளுத்துவோம்.”

இதன் விலை தங்கம் மாதிரி வாராவாரம் ஏறுகிறது என்று அவர் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். அதுவரை அந்தப் பொருளிடம் பெரியப்பாவுக்கு இருந்த சந்தேகம் அந்த நிமிஷமே மரியாதையாக மாறியது. ஏறுகிற பொருள் என்றால் அது சொத்து. சொத்து என்றால் நிதானம் வேண்டும். புஷ்பம் பெரியம்மா, கம்ப்யூட்டர் பெட்டிக்குள் எரியும் விளக்கு அரக்கு நிறத்தில் வருமா என்று கேட்டார். எல்லா நிறத்திலும் வரும் என்றார் ஷரஃபுதீன். எல்லா நிறத்திலும் வருவது வேண்டாம், அது சிந்தெடிக் ரகம், அரக்கு மட்டும் வருவதாகப் பாருங்கள் என்றார் பெரியம்மா. அதைப் பற்றி ஒரு உட்குழு அமைந்தது.

ராகேஷ் கடை வாசலில் நின்று போக்குவரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்பா பக்கத்தில் வந்து நின்றார். தான் கல்யாணத்துக்கு முன்னால் சிவப்பு ஸ்கூட்டர் கேட்டதாகவும், சபை இல்லாத காலத்திலேயே அது சாம்பல் நிறத்தில் வந்ததாகவும் சொன்னார். “ஓட்டிப் பழகிட்டா எல்லாக் கலரும் ஒண்ணுதாம்ல” என்றார். பிறகு, அப்படிச் சொல்லியிருக்க வேண்டாமோ என்பதுபோல் காருக்குள் போய் உட்கார்ந்துகொண்டார்.

காலைகளில் டெல்பின் இப்போதெல்லாம் மெமரியைப் பற்றிக் கேட்பதை விட்டுவிட்டாள். அலை வரும், அவன் நின்றுபோவான், அவள் வட்டம் சுற்றுவாள். முன்பெல்லாம் “தூங்கிட்டியா மச்சி” என்று கிண்டல் செய்வாள். இப்போது காதில் துடுப்புச் சத்தம் மட்டும் கேட்டது.

ஈஸ்டருக்குப் புடவை எடுக்க ஒரு சனிக்கிழமை மர்சலினும் டெல்பினும் ஆவுடையம்மாள் சில்க்ஸுக்கு வந்தார்கள். அவ்வளவு கடைகளைத் தாண்டி இங்கே வந்தது டெல்பினின் வேலை என்று ராகேஷுக்கு உடனே தெரிந்துவிட்டது. மர்சலினுக்கு எதுவும் தெரியாது. விரிப்பின் ஓரம் உட்கார்ந்து, தம்பி, இதைக் காட்டுங்க, அதைக் காட்டுங்க என்று பிரியமாகப் பேசினார். ராகேஷ் விரித்தான். அந்த மாடியில் அவனுக்கு ஒரு பெயர் உண்டு. எந்த வாடிக்கையாளர் தயங்கினாலும் முகத்தைப் பார்த்து, இதுதான் உங்களுக்கு என்று ஒன்றை எடுத்து மேலே போடுவான். அது தப்பியதே இல்லை.

கடைசியில் இரண்டு புடவை மிஞ்சியது. ஒன்று மயில் கழுத்து நிறம், ஒன்று மாம்பழ நிறம். டெல்பின் இரண்டையும் இரண்டு தோளில் போட்டுக்கொண்டு அவனைப் பார்த்தாள்.

“நீங்க சொல்லுங்க. எனக்கு எது?”

கடையில் முன்பின் தெரியாதவள்போல நீங்க என்றாள். மயில் கழுத்துதான். அதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. அந்த நிறம் அவளுக்கென்றே நெய்த மாதிரி இருந்தது. அவன் கை அதை நோக்கிப் போனது. அப்போதுதான் லிஃப்டிலிருந்து பெரியப்பா வந்து அவன் பின்னால் நின்றார். வாடிக்கையாளர்களைக் கும்பிட்டு விசாரிப்பதற்காகத் தினமும் ஒருமுறை எல்லா மாடிக்கும் வருவார். அவன் கை நின்றது. திரும்பிப் பெரியப்பாவைப் பார்த்தான்.

பெரியப்பா சிரித்துக்கொண்டே, மாம்பழ நிறம் எடுங்கம்மா, லட்சுமிகரமாக இருக்கும் என்றார்.

டெல்பின் இரண்டு புடவையையும் தோளிலிருந்து எடுத்தாள். வீசாமல், கசக்காமல், ஒழுங்காக மடித்து விரிப்பில் வைத்தாள். “வேணாம்மா, போன வருஷத்துதே நல்லாத்தான் இருக்கு” என்று மர்சலினிடம் சொன்னாள். மர்சலின் அவனைப் பார்த்து, தப்பா எடுத்துக்காதீங்க தம்பி, இவ எப்பவும் டக்குனு முடிவு பண்ற ரகம் என்றார். படி இறங்கும்போது டெல்பின் திரும்பிப் பார்க்கவில்லை.

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரத்துப் புதனன்று சபை இறுதி முடிவுக்குக் கூடியது. ரகுபதி திரையில் படம் போட்டு, தென்னிந்தியப் பட்டுக் குடும்பங்களின் மெமரிப் போக்கு பற்றி விரிவாகப் பேசினார். குடும்பம் என்பது ஒரு நிறுவனம், நிறுவனம் என்பது ஒரு குடும்பம், ஆகவே இரண்டிலும் ஆட்கள் மாறலாம், நாற்காலி மாறக் கூடாது என்று முடித்தார். கை தட்டினார்கள். முப்பத்திரண்டு என்ற எண் தானாகவே மேஜைக்கு வந்துவிட்டது. ராகேஷ் கேட்காமலே, அவன் நினைத்திருந்த அதே எண். அவனுக்குச் சின்னதாக ஒரு நம்பிக்கை துளிர்த்தது.

“முப்பத்திரண்டு இரட்டைப் படையில்லா?” என்றார் பெரியப்பா.

எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

“மொய் எழுதும்போது நூறுன்னா எழுதுதோம்? நூத்தி ஒண்ணு. நல்ல காரியம் முடிஞ்சு நிக்கக் கூடாது. மேல ஒண்ணு வச்சாத்தான் வளரும். முப்பத்திமூணு போடச் சொல்லுங்க.”

அந்த இடத்திலேயே ஷரஃபுதீனுக்குப் போன் போட்டார்கள். முப்பத்திரண்டுக்கு அப்புறம் முப்பத்திமூன்று என்று ஒன்று உலகத்தில் எங்கேயும் செய்வதில்லை என்று அவர் ஆரம்பித்தார். பிறகு வழக்கம்போல, “போட்டுரலாம் அண்ணாச்சி” என்றார்.

பழைய காலத்துச் செத்த கம்ப்யூட்டர் ஒன்றிலிருந்து ஒரு ஜிபி மெமரி ஒன்றைக் கழற்றி எடுத்தார். புது இயந்திரத்தில் அதைச் செருக இடமே இல்லை. அதனால் இரண்டு பக்கமும் ஒட்டும் டேப்பை வைத்து, கம்ப்யூட்டர் பெட்டியின் கண்ணாடிச் சுவரின் உள்பக்கம் ஒட்டிவிட்டார். வெளியிலிருந்து பார்த்தால் தெளிவாகத் தெரியும். எதோடும் இணைப்பு கிடையாது. அதற்கு எந்த வேலையும் இல்லை. அது மங்களத்துக்காக இருந்தது.

கம்ப்யூட்டர் தயாராகிவிட்டது. ஆனால் பங்குனிக் கடைசியில் எடுக்க வேண்டாம், சித்திரை முதல் நாள் எடுக்கலாம் என்று தீர்மானமானது. ஈஸ்டர் அதற்கு முன்பே வந்து போகும் என்று அந்தக் கூடத்தில் ஒருவருக்குத்தான் தெரியும்.

ராகேஷ் வெளியே வந்து டெல்பினுக்குச் செய்தி அனுப்பினான். முப்பத்திமூன்று ஜிபி முடிவாகிவிட்டது என்று. உடனே பதில் வந்தது. யார் முடிவு பண்ணா? நான் என்று அடித்தான். அழித்தான். எல்லாரும் சேர்ந்து என்று அடித்தான். அதையும் அழித்தான். அவன் அடிப்பதும் நிறுத்துவதும் அவளுக்குத் தெரிந்துகொண்டே இருந்திருக்கும். கடைசியில் அவன் எதையும் அனுப்பவில்லை.

ஈஸ்டருக்கு மறுநாள் சாந்தோம் கடற்கரையில் பார்த்தார்கள். வலை காயும் இடத்துக்குப் பக்கத்தில், சாய்த்து வைத்திருந்த படகின் நிழலில் அவள் உட்கார்ந்திருந்தாள். காலையிலேயே மாண்ட்ரியலுக்குச் சரி என்று பதில் அனுப்பிவிட்டதாகச் சொன்னாள். அழுது முடித்துவிட்டு வந்திருக்கிறாள் என்று கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. சித்திரை ஒன்றாம் தேதி கம்ப்யூட்டர் வந்துவிடும், அதற்கப்புறம் பெரியப்பாவிடம் நிச்சயம் பேசிவிடுவேன் என்றான் அவன்.

“பதினாறுன்னு சொல்லியிருந்தா நான் இங்கயே இருந்திருப்பேன் ராகேஷ். எட்டுன்னு சொல்லியிருந்தாக்கூட. தப்பான நம்பரா இருந்தா என்ன, அலைல நின்னு நின்னு போயிருப்போம். உன் வாயால ஒரு நம்பர் வரலியே.”

அவன் அப்போதும் அவள் கையைப் பிடித்திருக்கலாம். போகாதே என்று சொல்லியிருக்கலாம். அது ஒரே ஒரு சொல். யாரிடமும் அனுமதி வாங்க வேண்டாத சொல். அவன், உங்கம்மா என்ன சொன்னாங்க என்று கேட்டான்.

டெல்பின் எழுந்து பாவாடையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டினாள். அவன் தோளில் இருந்த மணலையும் பழக்கத்தில் தட்டிவிட்டாள். பிறகு நடந்து போனாள்.

சித்திரை முதல் நாள் கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. வாழையிலை போட்டு அதன்மேல் வைத்தார்கள். கண்ணாடியில் சந்தனம் குங்குமம், மேலே ரோஜா மாலை. கூடவே வந்த, உட்கார்ந்து விளையாடும் நாற்காலிக்குச் சக்கரம் இருந்ததால், ஒவ்வொரு சக்கரத்தின் கீழும் எலுமிச்சம்பழம் வைத்து, ஜவஹரை உட்கார வைத்துத் தள்ளி நசுக்கினார்கள். பெரியப்பா பொத்தானை அழுத்தினார். அரக்கு நிறத்தில் விளக்கு எரிந்தது. முப்பத்திமூன்றாவது ஜிபி கண்ணாடிக்குப் பின்னால் விபூதிக் கீற்றோடு பளிச்சென்று தெரிந்தது. பெண்கள் ஆரத்தி எடுத்தார்கள். ஜெயஸ்ரீ அத்தை தட்டிலிருந்து குலவை போட்டார்.

எல்லோரும் கூடியிருப்பதால் அப்படியே சபையையும் நடத்திவிடலாம் என்றார் ரகுபதி. ஒரே ஒரு பொருள்தான் பாக்கி. சிவகாசியில் ராகேஷுக்கு ஒரு இடம். பெண் பெயர் தாரணி, எம்.காம். படித்திருக்கிறாள். போட்டோ கை மாறிப் போனது. சாயம் போகுமா என்று யாரும் கேட்கவில்லை. உட்குழு அமைக்கவில்லை. கள ஆய்வு இல்லை. ஊற்றி வைத்த காபி ஆறுவதற்குள் மாசம் வரைக்கும் முடிவாகிவிட்டது. வைகாசி.

தட்டிலிருந்து அத்தைதான் கேட்டார். “அண்ணே, பையங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டாச்சா?”

“அதெல்லாம் மாசி மாசமே கேட்டாச்சு” என்றார் பெரியப்பா. “இதே சபையில, அத்தனை பேர் முன்னால, ‘பெரியப்பா பாத்துச் சொன்னாச் சரி’ன்னு வாயால சொன்னான். இந்தக் காலத்துல எந்தப் பையன் சொல்லுவான்?”

மெமரிக்குத்தான் அப்படிச் சொன்னேன் என்று சொல்ல ராகேஷ் எழுந்தான். எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். எழுந்தவன் குனிந்து பெரியப்பா காலைத் தொடப்போகிறான் என்று அவர்கள் நினைத்தார்கள். அப்படிப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து அவன் குனிந்தான். பக்கத்து நாற்காலியில் அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். போட்டோ அவன் கைக்கு வந்தபோது, அந்தப் பெண்ணும் கேமராவைப் பார்க்காமல் கொஞ்சம் ஓரமாக யாரையோ பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடமும் என்றைக்கோ, எதற்கோ, எவ்வளவு வேண்டும் என்று கேட்டிருப்பார்கள்.

மறுநாள் காலை ஆறரை மணிக்கு ராகேஷ் புதுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். இரவோடு இரவாக டேப் விட்டுப் போய், அந்த ஒரு ஜிபி கண்ணாடிக்குள் கீழே விழுந்து கிடந்தது. இயந்திரம் அதைக் கவனிக்கவில்லை. விளையாட்டு ஒரே மூச்சில் திறந்தது. கடல் வந்தது. இத்தனை நாள் அவன் பார்த்திராத நீலம். தூரத்துக் கலங்கரை விளக்கின் ஜன்னல்கூடத் தெரிந்தது. பெரிய அலை ஒன்று எழுந்தது. அவன் பழக்கத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டான். அலை நிற்கவில்லை. அழகாக உயர்ந்து, படகைத் தூக்கி, பட்டை உதறி விரித்தாற்போல இறங்கிப் போனது.

எதிர்ப் பலகை காலியாக இருந்தது. அவள் துடுப்பு படகின் விளிம்பில் சாய்ந்து கிடந்தது. அவன் தன் துடுப்பைப் போட்டான். படகு வட்டம் சுற்றியது. ஒரு இடத்தில்கூடத் தடுமாறாமல், துளியும் நிற்காமல், மிக அழகாகச் சுற்றியது.

கீழேயிருந்து பெரியப்பா குரல் கொடுத்தார். கடை திறக்க நேரமாயிற்றாம்.

“வாரேன் பெரியப்பா” என்றான் ராகேஷ்.